மிச்சிகனில் மெகட்ரானிக்ஸ்: பாடம் அருமை, லேப்தான் பூட்டிக் கிடக்கிறது

கேன்டனில் இருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "நீ படிக்கிற அந்த மெகட்ரானிக்ஸ் கோர்ஸில் நானும் சேரட்டுமா?" என்னைப் போலவே அவளும் ஊரில் டிரிப்பிள் ஈ முடித்தவள். கிரீன் கார்டு வந்துவிட்டது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறாள். போனில் ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை; அதனால் எழுதுகிறேன். மெகட்ரானிக்ஸ் என்பது எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்த தொழிற்சாலை மெஷின் படிப்பு; நான் படிப்பது உள்ளூர் அரசுக் கல்லூரியான ஒரு கம்யூனிட்டி காலேஜில். கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன, இரண்டு வருட அசோசியேட் டிகிரி, சுமார் 60 கிரெடிட் என்பதெல்லாம் இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. ஃபீஸ் பற்றி ஒன்று மட்டும். கம்யூனிட்டி காலேஜ் ஃபீஸுக்கு மாநில அரசு உதவும், 2021இல் வந்த மிச்சிகன் ரீகனெக்ட் திட்டத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது இதுவரை டிகிரி வாங்காதவர்களுக்கானது. பி.இ. முடித்த நான் கைக்காசு போட்டுத்தான் படிக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கோபம் வரும்.

இன்ஜினியரிங் காலேஜில் நான் மோட்டார் ஸ்டார்ட்டர் சர்க்யூட்டை எத்தனையோ முறை வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஸ்டாப் பட்டனை ஏன் எப்போதும், அழுத்தாதவரை கரண்ட் ஓடும் மூடிய கான்டாக்ட்டாக வைக்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. இங்கே முதல் செமஸ்டரிலேயே ஆசிரியர் ஓடிக்கொண்டிருந்த கன்வேயரின் ஸ்டாப் பட்டன் வயரை டெர்மினலிலிருந்து கழற்றினார். கன்வேயர் நின்றது. பிறகு அதே பட்டனை, அழுத்தினால்தான் கரண்ட் ஓடும் திறந்த கான்டாக்ட்டாக மாற்றி, புரோகிராமையும் மாற்றி, மறுபடி வயரைக் கழற்றினார். இந்தத் தடவை கன்வேயர் ஓடிக்கொண்டே இருந்தது; பட்டனை எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை. வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும் பக்கமாகத்தான் சாய வேண்டும் என்பதை அதற்குப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. சென்சார் தன் அளவைச் சொல்ல அனுப்பும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னல் ஏன் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை என்பதும் அதே நாளில் தானாகப் புரிந்துவிட்டது. அளவு அடிமட்டத்தில் இருந்தால் 4 வரும். வயர் அறுந்திருந்தால்தான் 0 வரும்.

இந்தப் படிப்பின் உயிர் பழுது கண்டுபிடிக்கும் வகுப்புகளில்தான் இருக்கிறது. ஆசிரியர் கார் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வருவதற்கு முன் ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பழுதை ஒளித்து வைத்துவிடுவார். ஒருமுறை எங்கள் பெஞ்சில் பிராக்ஸிமிட்டி சென்சார் உலோகத்தைப் பார்த்ததும் அதன் சின்ன விளக்கு எரிகிறது, ஆனால் மெஷினை இயக்கும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யின் இன்புட் விளக்கு எரியவில்லை. வயர் அறுந்திருக்கும் என்று நினைத்தோம். அறுபடவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் சிக்னல் வர வேண்டிய கறுப்பு வயரில் 24 வோல்ட் வரவே இல்லை, சென்சாருக்குப் போகும் பழுப்பு வயரில் மட்டும் சரியாக இருக்கிறது. சிக்னலாக 24 வோல்ட்டை அனுப்பும் பி.என்.பி. சென்சார் இருக்க வேண்டிய இடத்தில், சிக்னல் வயரைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் என்.பி.என். சென்சாரை மாட்டி வைத்திருந்தார்! பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பக்கவாட்டில் அச்சிட்ட பொடி எழுத்தில்தான் வித்தியாசம். கை வைப்பதற்கு முன் என்ன பார்த்தாய், எங்கே அளந்தாய், எவ்வளவு வந்தது என்று எழுதிக் காட்டாதவரை ஸ்க்ரூ டிரைவரை எடுக்க விடமாட்டார். பேனலைத் திறப்பதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் அவரவர் பூட்டை அவரவர் போட்டு, சாவியை அவரவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே இது சட்டம், அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.147 விதி. மாலை வகுப்பில் பாதிப் பேர் ஆலையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள். அன்றைக்கு அங்கே நின்றுபோன மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார்கள். அந்தப் பேச்சே தனிப் பாடம்.

அதோடு இது பி.எல்.சி. பிறக்கக் காரணமான ஊர். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, மாடல் மாறும்போதெல்லாம் மின்காந்த ஸ்விட்சுகளான ரிலேக்களின் பேனல்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்ய முடியவில்லை, அதற்குப் பதிலாக ஒன்று வேண்டும் என்று கேட்டது. அதற்கு டிக் மார்லியின் குழு மாசசூசெட்ஸில் செய்து கொடுத்ததுதான் மோடிகான் 084 என்ற பி.எல்.சி. எலக்ட்ரீஷியன்கள் ரிலே வரைபடம் படித்துப் பழகியவர்கள் என்பதால் புரோகிராமும் ஏணி வடிவத்திலேயே வந்தது. ஹைட்ராமேட்டிக் ஆலை இருந்த வில்லோ ரன் பக்கம் காரில் போகும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

இனி லேப்.

பி.எல்.சி. புரோகிராம் எழுதும் மென்பொருளின் லைசென்ஸ் லேப் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் போட்டுக்கொள்ள மாணவர் லைசென்ஸ் தருவதில்லை. சரி, லேபிலேயே உட்கார்ந்து செய்யலாம் என்றால், வகுப்பு இல்லாத நேரத்தில் லேப் திறந்திருப்பது மதியம் சில மணி நேரம்தான், அதுவும் உதவியாளர் வந்தால். மாலை வகுப்பில் சேர்கிறவர்கள் யார்? பகலில் வேலை பார்க்கிறவர்கள். மதியம் அவர்கள் எப்படி வருவார்கள்? ஒவ்வொரு பாடத்துக்கும் லேப் ஃபீஸ் தனியாக வாங்குகிறார்கள், மாலை மாணவர்களிடமும் அதே தொகைதான். கேட்டால் பாதுகாப்புக்கு ஆள் இல்லை என்கிறார்கள். 480 வோல்ட் பேனல் இருக்கும் அறையைத் தனியாகத் திறந்துவிட முடியாது, அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 24 வோல்ட் பயிற்சிப் பலகை இருக்கும் அறை பக்கத்து அறை, அதற்கும் அதே பூட்டு.

கிடைக்கும் வகுப்பு நேரத்திலும் ஒரு பங்கு வெர்ஷன் சண்டையில் போகிறது. பி.எல்.சி.க்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேரும் புரோகிராம் எழுதும் மென்பொருளின் வெர்ஷனும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் பெஞ்சுகள் வெவ்வேறு வருடங்களில் வாங்கியவை. போன வாரம் ஒரு பெஞ்சில் எழுதியது இந்த வாரம் பக்கத்துப் பெஞ்சில் இறங்காது. செமஸ்டர் தொடங்குமுன் யாராவது உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே வெர்ஷனுக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

இந்த செமஸ்டர் அதற்கும் மேலே போனார்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் மெஷின்களுக்கான நியூமேட்டிக்ஸ் லேபில் பாதியை ஆன்லைன் சிமுலேஷனாக மாற்றிவிட்டார்கள். மவுஸால் ஒரு டியூபை இழுத்து வால்வில் ஒட்டினால் சிலிண்டர் நகர்கிறது. நிஜத்தில் டியூபை ஃபிட்டிங்கில் கடைசிவரை தள்ளாவிட்டால் காற்று கசியும், பிரஷர் வைத்துக்கொண்டே பிடுங்கினால் டியூப் சாட்டையாக அடிக்கும். ஸ்பீடு கன்ட்ரோல் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால் சிலிண்டரின் சத்தமே மாறும். இதில் எதையும் மவுஸ் கற்றுக்கொடுக்காது. இதற்காகத்தானே காசு கட்டினோம்?

வீட்டில் நான் செய்திருப்பது: பி.எல்.சி. புரோகிராம் எழுதும் கோட்சிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொண்டேன். அதை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம், இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும், மறுபடி தொடங்கிக்கொள்ள வேண்டும். பழைய 24 வோல்ட் பவர் சப்ளை, இரண்டு பட்டன், ஒரு சென்சார். ஏணி லாஜிக் பழக இது போதும். ஆனால் அது ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தர முறைப்படி எழுதுவது. டைமரை எழுதும் விதமே லேபில் ஒன்று, இங்கே வேறு. தேர்வு லேப் மென்பொருளில்தான்.

தோழிக்கு என் பதில்: இப்போது சேராதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், நேற்று வந்த மெயில்தான் காரணம். மதிய லேப் நேரத்தையும் இன்னும் குறைத்துவிட்டார்கள். அந்த ஆசிரியரைப் போல ஒருவர் கிடைப்பது அரிது, ஆனால் அவர் பெஞ்சில் பழுதை வைத்துவிட்டுப் போனாலும் அதைத் தேட எங்களுக்கு நேரம் இல்லை. நான் நிறுத்தப்போவதில்லை, ரோபாட் பாடமும் கடைசி புராஜெக்ட்டும்தான் பாக்கி. லேப் நேரத்தை மாலைக்கு மாற்றச் சொல்லி வகுப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு டீனுக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன். அதுவரை வேறு காலேஜ் பார்க்கிறவர்கள், ஃபீஸையும் சிலபஸையும் கேட்பதற்கு முன் மாலை ஆறு மணிக்கு மேல் லேப் திறந்திருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.