என் வாட்ச் கணக்கில் நான் காவிரிக்குள் நடக்கிறேன்

போன ஆடிப்பெருக்கு முடிந்து இரண்டு நாள் இருக்கும். காவிரித் தண்ணீர் படித்துறையின் மேல்படியை நனைத்துக்கொண்டு ஓடியது. வழக்கம்போல விடியற்காலையில் கரையோரமாக நடந்துவிட்டு வந்து போனில் மேப்பைத் திறந்தால், சுமார் முந்நூறு மீட்டர் நட்டாற்றில் நடந்திருக்கிறேன். ஷூ கூட நனையவில்லை. வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "நீச்சல் எப்பங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

அந்தக் கோட்டைப் போட்டது, ஒன்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய என் ஜிபிஎஸ் வாட்ச்; செயற்கைக்கோள்களைக் கேட்டு நான் நடந்த வழியைப் போன் மேப்பில் காட்டும். குறுவை நாற்று விட்ட சமயத்தில் வாங்கினேன், இப்போது தாளடி அறுப்பு நடக்கிறது, குளிக்கும் நேரம் தவிர கையை விட்டு இறங்கவில்லை. இதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அதற்கு முன் வாங்கி ஏமாந்த கைப்பட்டையின் (ஃபிட்னஸ் பேண்ட்) கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்கப் போகிறவர்கள் விழும் குழி அதுதான். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம், இரண்டையும் திட்டப் போகிறேன்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் 3,200 ரூபாய்க்கு அந்தப் பட்டையை வாங்கினேன். "ஜிபிஎஸ் இருக்கு சார், அட்டையிலேயே போட்டிருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர். போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் பொடி எழுத்தில் 'கனெக்டட்' என்று இன்னொரு வார்த்தையும் இருந்தது. அதாவது பட்டைக்குள் ஜிபிஎஸ் கிடையாது, உங்கள் பையில் இருக்கும் போனின் ஜிபிஎஸ்ஸை அது கடன் வாங்கிக்கொள்ளும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அடிகளை எண்ணி, ஓர் அடிக்கு இவ்வளவு நீளம் என்று உத்தேசமாகப் பெருக்கித் தூரம் சொல்லும். தார்ச்சாலையில் அது ஓரளவு ஒத்துவரும். வரப்பில் நடக்கும்போது அடி குறுகிவிடும், சேறு இருந்தால் இன்னும் குறுகும், அது பாட்டுக்குப் பழைய கணக்கையே போட்டு நான்கு கிலோமீட்டரை ஐந்தரை ஆக்கிவிடும். கடையில் போய்க் கேட்டேன். "அடுத்த அப்டேட்ல சரியாயிடும் சார்." இல்லாத கிணற்றுக்கு மோட்டார் மாற்றிப் பார்க்கச் சொல்வது மாதிரி இருந்தது.

ஆகவே கடையில் நிற்கும்போதே போனின் புளூடூத்தை அணைத்துவிட்டு, வாட்ச்சோடு தெருவுக்கு வந்து, வெளியில் நடை என்பதை அழுத்திப் பாருங்கள். தானே வானத்தைத் தேடிப் பிடித்தால் உள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறது. போனைக் கொண்டுவா என்று கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சரி, இப்போதைய வாட்ச். முதல் பத்து நாள் இதன் மேலும் எனக்குக் கோபம்தான். வாசற்படி இறங்கியதும் பொத்தானை அழுத்திவிட்டு நடக்க ஆரம்பித்துவிடுவேன், அது முதல் அரை கிலோமீட்டரைக் கோட்டை விட்டுவிடும். அப்புறம்தான் புரிந்தது, அவசரம் என்னுடையது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் நேரக் குறிப்பு வந்து சேர எவ்வளவு தாமதமானது என்பதை வைத்துத்தான் வாட்ச் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இடத்துக்கு மூன்று செயற்கைக்கோள் போதும் என்று தோன்றும், நாலாவதும் வேண்டும், ஏனென்றால் மேலே இருப்பது அணுக் கடிகாரம், நம் கையில் இருப்பது ஒன்பதாயிரம் ரூபாய்க் கடிகாரம். நேரத்தில் ஒரு மைக்ரோ வினாடி (வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினால் தூரத்தில் முந்நூறு மீட்டர் பிசகும், அந்தப் பிசகைத் திருத்தத்தான் நாலாவது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பஞ்சாங்கத்தையும் (ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயருக்கும் பஞ்சாங்கம் என்றுதான் அர்த்தம்!) வானத்திலிருந்தே கேட்டு முடிக்க 12.5 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் வாசலில் நிற்க முடியாது என்பதால்தான் எந்தச் செயற்கைக்கோள் எப்போது எங்கே இருக்கும் என்ற விவரத்தைப் போன் ஆப் முன்கூட்டியே இறக்கி வாட்ச்சுக்குக் கொடுத்துவிடுகிறது. வாரக்கணக்கில் ஆப்பைத் திறக்காமல் விட்டால் அது தடுமாறும். இப்போது ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை ஆப்பைத் திறந்து மூடுகிறேன், காலையில் திறந்த வெளிக்கு வந்து பச்சை விளக்கு வரும்வரை ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இருபது வினாடியில் பிடித்துவிடுகிறது.

எவ்வளவு சரியாக அளக்கிறது என்று பார்க்க, தாராசுரம் தாண்டி வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நடந்தேன். நடுவில் இருநூறு மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்களும் உண்டு, கண்ணில் பட்டால். மூன்று கிலோமீட்டருக்கு வாட்ச் 3.02 காட்டியது. பெருமையாக அதை எங்கள் நடைக் கோஷ்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர் சாரிடம் சொன்னேன். "கல்ல நம்பாதீங்க தம்பி, ரோட்ட அகலப்படுத்துறப்ப புடுங்கி நட்டது அது" என்றார். அந்தக் காலத்தில் நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்த மனுஷர். 66 அடிச் சங்கிலி, நூறு லிங்க் (கண்ணி), எண்பது சங்கிலி ஒரு மைல் என்று இன்னமும் மனப்பாடமாகச் சொல்வார்.

மரத்தடியில் என் வாட்ச் தடுமாறுவதைக் காட்டியபோது அவர்தான் லாம்டன் கதையைச் சொன்னார். லாம்டன் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, சர்வேயர். 1802-ல் சென்னையில் ஆரம்பித்த முக்கோண அளவையை (தூரத்து இடங்களைக் குறிபார்த்து, முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளப்பது) தெற்கே கொண்டுவந்த அவருக்கு நம் டெல்டாவில் ஒரே தலைவலி. ஏறி நின்று பார்க்க ஒரு மேடு இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னையும் பனையும் மறைக்கிறது. அதனால் கோயில் கோபுரங்கள் மேல் கருவியை ஏற்றி அளந்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப்போனது. பிறகு அவரே உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தினாராம். "அவனுக்குத் தென்னமரம் பக்கவாட்டுல மறைச்சுது, ஒங்க வாட்சுக்குத் தலைக்கு மேல மறைக்குது, அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

விஷயம் அதேதான். வயல்வெளியில் இந்த வாட்ச் நூல் பிடித்த மாதிரி கோடு போடுகிறது. காவிரிக் கரையில் மூங்கிலும் புளியமரமும் கவிந்த இடத்துக்கு வந்ததும் கோடு குடித்தவன் மாதிரி தள்ளாடி ஆற்றுக்குள் இறங்குகிறது. கோயில் மதிலை ஒட்டி நடந்தாலும் இதே கூத்து, சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் வழி நீண்டதாக நினைத்துக்கொள்கிறது. மார்கழிப் பனியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று கோஷ்டியில் ஒருவர் அடித்துச் சொன்னார். எதிரே வரும் மாடு தெரியாத பனியிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேகமும் பனியும் அந்த அலைகளுக்கு ஒரு பொருட்டல்ல. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்து இலையெல்லாம் நனைந்து தொங்கும்போதுதான் மரத்தடி இன்னும் மோசமாகிறது.

வாட்ச் செட்டிங்ஸில் ஜிபிஎஸ் மட்டும் என்றிருந்ததை மாற்றி, அதே வேலை செய்யும் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பிறகு ஆற்றில் இறங்கும் தூரம் பாதியாகக் குறைந்தது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. நம் இஸ்ரோவின் நாவிக் இந்த வாட்ச்சில் இல்லை. 2023 மே மாதம் ஏவிய நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-01-ல் கைக்கடிகாரம் மாதிரி சின்னக் கருவிகளுக்கு ஏற்ற எல்1 அலைவரிசையைச் சேர்த்திருக்கிறார்கள், அடுத்த வாட்ச் வாங்கும்போது அதைக் கேட்டுத்தான் வாங்குவேன்.

ஓட்டம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நான் ஓடுவதில்லை, விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும்தான். அதில் கண்டது: அந்த நேரத்து வேகம் என்று காட்டும் எண்ணை நம்பாதீர்கள், மரத்தடியில் அது என்னை ஒலிம்பிக்குக்கே அனுப்பிவிடும். கிலோமீட்டருக்கான சராசரியைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் படிக்கும் தங்கச்சி மகள், அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் பத்துச் சுற்று ஓடினேன், நாலு கிலோமீட்டருக்கு மேலே காட்டுகிறது, நீங்கள் சொல்லி வாங்கிய வாட்ச் தேறாது மாமா என்றாள். எந்தப் பாதையில் ஓடினாய் என்றால் நாலாவதில். 400 மீட்டர் என்பது உள்பாதைக்கு மட்டும்தான், வெளியே போகப் போகச் சுற்று பெரிதாகும், எட்டாவது பாதையில் 450-ஐத் தாண்டிவிடும். அன்றைக்கு வாட்ச் சரி, மருமகள் தப்பு. அவள் ஆப்பில் ஓட்டம் எல்லாம் ஊருக்கே தெரியும்படி இருந்தது, விடுதி வாசலில் தொடங்கி விடுதி வாசலில் முடியும் கோடு, தினமும் அதே நேரம். அதை முதலில் மூடச் சொன்னேன். உங்கள் வீட்டுப் பெண்களின் போனிலும் இதைப் பாருங்கள்.

உயரக் கணக்கு சுத்தப் பொய். கல்லணையிலிருந்து கடல் வரை தாம்பாளம் மாதிரி கிடக்கும் பூமியில், ஆறு கிலோமீட்டர் நடையில் 140 மீட்டர் ஏறியிருக்கிறேனாம். நம் பக்கத்தில் மலை என்று ஏறுவதற்கு இருப்பது சுவாமிமலைக் கட்டுமலையின் அறுபது படிதான், அதில் ஏறி இறங்கினால் மாடிக் கணக்கில் பூஜ்யம் காட்டுகிறது. ஜிபிஎஸ்ஸுக்கு மேலே கீழே என்பதில் எப்போதும் பிழை அதிகம், காற்றழுத்தமானி உள்ள வாட்ச் என்றால் சமாளிக்கும், இதில் அது இல்லை. நம் ஊருக்கு அதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் என்பேன்.

நாடித் துடிப்பு நடைக்குச் சரி, வாட்ச் வாரை இறுக்கிக் கட்டினால். கலோரியைப் பார்த்து இரண்டு பூரி கூடச் சாப்பிட்டுவிடாதீர்கள். பதினான்கு நாள் பேட்டரி என்று போட்டிருக்கிறது, தினமும் ஒரு மணி நேரம் ஜிபிஎஸ் போட்டால் ஐந்து நாள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், விலை ஏழாயிரத்துக்கு இறங்கினால் நான்கு. சர்வேயர் சார் போன வாரம் மெதுவாக விலை விசாரித்தார். பழைய பட்டை சும்மாதான் கிடக்கிறது, ஆயிரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அதுக்குச் சங்கிலியே தேவலை" என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னால் நடந்துவிட்டார்.