ஸீனுஸ் லிங்க் ஸ்லூத்: செத்த சுட்டிகளைத் தேட இன்றும் இதுதான் என் கருவி

தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவர உதவும், மாதச் சந்தா கேட்கும் எஸ்இஓ கருவிகளுக்கு விமர்சனங்கள் குவிந்து கிடக்கின்றன. 2010-இல் வந்த 1.3.8 பதிப்போடு நின்றுவிட்ட ஓர் இலவச மென்பொருளுக்குத் தமிழில் ஒரு வரியையும் காணோம். ஆகவே நான் எழுதுகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த தில்மன் ஹவுஸ்ஹெர் உருவாக்கிய ஸீனுஸ் லிங்க் ஸ்லூத், ஒரு தளத்தில் திறக்காமல் போன சுட்டிகளை (லிங்க்குகளை) தேடித் தரும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. என் விண்டோஸ் 10 மடிக்கணினியில் எந்தத் தொந்தரவும் தராமல் ஓடுகிறது.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் தமிழ் படிக்கப் பயிற்சித்தாள்கள் தயாரித்து ஒரு சிறிய இணையதளத்தில் வெளியிட்டு வருகிறேன். விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. தேடலில் மேலே வர நல்ல தளங்களிலிருந்து பேக்லிங்க், அதாவது நம் பக்கத்துக்கு வரும் சுட்டி, வேண்டும். அதைக் காசு கொடுத்து வாங்குவது கூகுளின் விதிகளுக்கு விரோதம். எனக்கும் மனம் ஒப்பாது. பிறர் தளத்தில் செத்துப்போன சுட்டியைக் கண்டுபிடித்து, அந்தத் தளத்தை நடத்துபவருக்குச் சொல்லி, அந்த இடத்துக்குத் தகுந்த என் பக்கத்தைக் காட்டுவதுதான் நான் நம்பும் வழி.

தமிழில் இதற்கு வேலை நிறையவே இருக்கிறது. 1990-களின் இறுதியில் நம்மவர்கள் ஆசையோடு கட்டிய எத்தனையோ பக்கங்கள் ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையில் இருந்தன. 2009 அக்டோபரில் யாகூ அதை மூடிவிட்டது. யூனிகோடு பரவியதும், அதற்கு முந்தைய தமிழ்க் குறியேற்றமான டிஸ்கிக்கு எழுத்துரு தந்த பக்கங்களைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. ஆனால் தமிழ்ப் பள்ளிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் வைத்திருக்கும் ‘பயனுள்ள தளங்கள்’ பட்டியல்களில் அந்தப் பழைய முகவரிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் மறைந்துவிட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் தெரிவித்தது.

ஸீனுவுக்கு ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்து, வெளிச்சுட்டிகளையும் சோதிக்கும் பெட்டியில் டிக் செய்தால் போதும். பக்கம் பக்கமாகப் போய்ச் செத்தவற்றைச் சிவப்பில் காட்டும். சிவப்பு வரியின் பண்புகளைத் திறந்தால், எந்தெந்தப் பக்கங்கள் அந்த முகவரியைச் சுட்டுகின்றன என்று தெரியும். கடிதம் எழுத அதுதான் தேவை. பிழையின் வகையையும் பிரித்துச் சொல்கிறது. 404, அதாவது ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்றால், பக்கம் இடம் மாறியிருக்கவும் கூடும். அப்போது புதிய முகவரியைத் தேடிக் கொடுப்பதே முறை, நம் பக்கத்தை நுழைப்பதல்ல. தளமே இல்லை என்றால் நமக்கு இடமுண்டு. 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், பெரும்பாலும் அந்தத் தளம் தானியங்கிகளைத் தடுக்கிறது என்று பொருள். உலாவியில் திறந்து பார்க்காமல் அதைச் செத்ததாகக் கணக்கிடாதீர்கள். சிறிய தளங்களைச் சோதிக்கும்போது ஒரே நேரத்தில் அனுப்பும் கோரிக்கைகளைக் குறைத்துவிடுங்கள். ஒரு தன்னார்வலரின் சர்வரைத் திணறடித்துவிட்டு அவரிடமே உதவி கேட்பது அழகல்ல.

இதன் பெரிய குறை, உயிரோடு இருப்பதாக நடிக்கும் பக்கங்களை இதனால் பிடிக்க முடியாது. உரிமம் காலாவதியான டொமைனைச் சூதாட்டக்காரர்கள் வாங்கிவிட்டால் சர்வர் 200, அதாவது ‘பக்கம் இருக்கிறது’ என்றே பதில் சொல்லும். ஸீனுவும் சரி என்று விட்டுவிடும். குழந்தைகளுக்கான ஒரு தமிழ்ப் பாடல் பட்டியலில் இப்படி ஒரு சுட்டி சீட்டாட்டத் தளத்தில் கொண்டுபோய் விட்டதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது. சாதாரணச் செத்த சுட்டியைவிட இது ஆயிரம் மடங்கு அவசரமானது. ஆகையால் சரி என்று பச்சையாக வந்தவற்றையும் பக்கத் தலைப்புகளை ஓட்டிப் பார்த்துச் சந்தேகமானதைக் கையால் திறக்கிறேன். இந்த உழைப்பைத் தவிர்க்க வழியில்லை. ஜாவாஸ்கிரிப்டால் உருவாகும் சுட்டிகளும் இதன் கண்ணில் படாது.

கண்டுபிடித்த பிறகு நான் போகும் இடம், பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின். செத்த பக்கத்தில் என்ன இருந்தது, ஆசிரியர்கள் அதை எதற்காகப் பரிந்துரைத்தார்கள் என்று அங்கே பார்க்கலாம். அந்த எழுத்தை நகலெடுக்கக் கூடாது. அதே தேவைக்குப் புதிதாக, அதைவிட நன்றாக நாமே எழுத வேண்டும். உயிர்மெய் எழுத்துகளை வரிசையாக எழுதிப் பழகும் ஒரு பழைய பக்கத்துக்கு ஈடாக, அச்செடுக்கும்படி புதிய தாள்கள் தயாரித்தேன். பிறகுதான் கடிதம்: “வணக்கம் அம்மா. உங்கள் பட்டியலில் இந்தச் சுட்டி திறக்கவில்லை. இதே பாடத்துக்கு நான் தயாரித்த தாள்கள் இங்கே இருக்கின்றன. பொருந்துமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் பழையதை நீக்கிவிட்டால் பிள்ளைகளுக்கு நல்லது.” பல கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. மெல்பர்னில் பள்ளி நடத்தும் ஒரு அம்மையார் மாற்றியதோடு நிற்காமல், தம் தளத்தில் வேறெங்கே பழுது என்றும் கேட்டார். முழுப் பட்டியலையும் அனுப்பிவைத்தேன். ஸீனு தரும் அறிக்கையை அப்படியே அனுப்பலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த வசதி.

பேக்லிங்குக்காக விக்கிப்பீடியாவுக்குப் போகாதீர்கள். அங்கே வெளிச்சுட்டிகள் 2007 முதல் நோஃபாலோ குறியோடுதான் போகின்றன. இந்தச் சுட்டியைத் தரவரிசைக்குக் கணக்கிட வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்வதே அந்தக் குறி. செத்த சுட்டியைப் பார்த்தால் வேபேக் பிரதியை இணைத்துச் சரிசெய்யுங்கள். படிப்பவர்களுக்கு அது உதவும்.

ஒரே பக்கத்தை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் குரோமுக்கான செக் மை லிங்க்ஸ் நீட்சி விரைவானது. ஸீனுவைப் போலவே முழுத் தளத்தையும் சோதிக்கும் ஸ்க்ரீமிங் ஃபிராக் நவீனமானது. ஆனால் இலவசப் பதிப்பு 500 முகவரிகளோடு நின்றுவிடும், பெரிய பல்கலைக்கழகத் தளத்துக்கு அது காணாது. ஸீனுவுக்கு அந்த வரம்பு இல்லை. செத்த பக்கத்தை உலகில் வேறு யார் யார் சுட்டுகிறார்கள் என்று அறிய மட்டும் ஏரெஃப்ஸ் போன்ற சந்தாக் கருவி வேண்டும். வாடிக்கையாளர்களுக்காக இந்த வேலை செய்பவர்கள் அதை வாங்கலாம். என்னைப் போல் தன் ஒரு தளத்தை வளர்ப்பவருக்கு ஸீனுவும் வேபேக் மெஷினும் தாராளம்.