பத்தாண்டுப் பால்வாடிச் சோறு: தடைக்காலத்தின் முப்பத்தோராம் நாளில் எழுதியது

நேற்று மாலை என் ஓரகத்தி தொண்டியிலிருந்து கைப்பேசியில் அழைத்தாள். "அக்கா, சின்னவனுக்கு ரெண்டு வயசு முடியப்போகுது. பால்வாடியிலயே விட்டுரவா, இல்ல வேன் வந்து கூட்டிட்டுப் போற பிளே ஸ்கூல்ல சேக்கவா? நீங்கதான் மூணு பிள்ளைகளையும் அங்க விட்டவுக" என்று கேட்டாள். ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட நாள் நல்ல நாளாக இல்லை. மீன்பிடித் தடைக்காலம் என்று விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டு அன்றோடு முப்பது நாள். எங்கள் ஊர் அங்கன்வாடி மே மாத விடுமுறைக்காகப் பூட்டப்பட்டு நான்கு நாள். "நாளைக்குச் சொல்றேன்டி" என்று வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2016 இல் மூத்தவளை அங்கே விட்டேன். அவளுக்குப் பிறகு மகன், இப்போது மூன்று வயதைக் கடந்திருக்கும் கடைக்குட்டி. நடுவே சில இடைவெளிகள் இருந்தாலும், அந்த ஒற்றை அறைக் கட்டடத்தின் வாசலில் பத்தாண்டுகளாகச் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியதையும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளோடு குழந்தைகள் மையத்துச் சிறுசுகளையும் சேர்த்துக்கொண்டதையும் இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. சென்ற அக்டோபரில் முதல் திட்டத்துக்கு ஐம்பது வயது நிறைந்தது. மேடைகளில் சொல்லவேண்டியதை மேடையில் இருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லக்கூடியது என் பிள்ளைகளின் தட்டில் விழுந்ததைப் பற்றித்தான்.

ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு என்பது கணக்கு. திங்கள், புதன், வியாழன் ஆகிய நாள்களில் அவித்த முட்டை, செவ்வாயன்று பயறோ கொண்டைக்கடலையோ, வெள்ளியன்று உருளைக்கிழங்கு. மீன் வாடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பருப்புச் சோறு முதலில் பிடிக்காது. மூத்தவள் முதல் வாரம் முழுவதும் தட்டைத் தள்ளிவிட்டு "மீனு எங்க?" என்று கேட்டிருக்கிறாள். அதைத் தீர்த்துவைத்தவர் அங்கே சமைக்கும் ஆயா. முட்டைகளை ஓர் அகன்ற பாத்திரத்துத் தண்ணீருக்குள் வைத்து உரித்து, சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வாயில் ஒரு முனையைக் கவ்விய தையல் நூலால் அறுப்பார். கத்தி பட்டால் மஞ்சள் கரு உதிர்ந்து வீணாகும் என்பார். அந்த மஞ்சள் கருவைப் பருப்புச் சோற்றில் நசுக்கிப் பிசைந்து, வெள்ளைத் துண்டை மேலே 'படகு' என்று மிதக்கவிடுவார். படகு கரை சேர வேண்டுமென்றால் கடலைக் குடித்தாக வேண்டும். என் மூன்று பிள்ளைகளும் அந்தக் கடலைக் குடித்தவர்கள். வீட்டில் நான் அதே நூலையும் அதே படகையும் வைத்து எத்தனையோ முறை முயன்றேன். ஒரு முறைகூட எடுபடவில்லை. இருபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உண்ணும் இடத்தில் நடக்கும் வித்தை அது.

உப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கரையில் பலருக்கே இது தெரியாது. இரும்பும் அயோடினும் சேர்த்துச் செறிவூட்டிய உப்பை மாநிலத்தின் சத்துணவுத் திட்டத்துக்கு வழங்குவது தமிழ்நாடு உப்புக் கழகம்; அதன் உப்பளங்கள் இருப்பது நம் இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில். நம் வெயிலில் காய்ந்த உப்பு நம் பிள்ளைகளின் இரத்தச் சோகைக்கு மருந்தாகத் திரும்பி வருகிறது. இதை என் கணவரிடம் சொன்னபோது, "அப்ப மீனையும் அப்படி அனுப்பலாமுல்ல" என்றார். நியாயமான கேள்விதான்.

இந்தத் திட்டத்தின் உயிர் எது என்று என்னைக் கேட்டால், சமைத்த சோற்றைப் பிள்ளையின் முன்னால் வைத்து, பிள்ளை அதை அங்கேயே உண்டு முடிப்பதுதான் என்பேன். இதை நான் கற்றுக்கொண்டது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் மையங்கள் மூடப்பட்டன. அரிசியும் பருப்பும் சத்துமாவும் வீட்டுக்கு வந்தன. சமைத்த உணவு திரும்பி வந்தது 2021 செப்டம்பரில். கொடுக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்த அரிசி வீட்டு அரிசியாகிவிட்டது. மாமனாரும் உண்டார், நானும் உண்டேன். மீண்டும் திறந்தபோது என் மகனுக்கு நான்கு வயது. எடை 12 கிலோ 400 கிராம். டீச்சர் வளர்ச்சி அட்டையில் புள்ளியை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அட்டையை என் பக்கம் திருப்பினார். இரண்டு வயதில் பச்சைப் பட்டையில் இருந்த புள்ளி மஞ்சளுக்குள் இறங்கியிருந்தது. ஆறு மாதம் ஆயாவின் படகைக் கரை சேர்த்த பிறகு 13 கிலோ 900 கிராம். புள்ளி மறுபடி பச்சைக்கு ஏறியது. அந்த ஆறு மாதத்தில் என் வீட்டுச் சமையலில் எந்த மாற்றமும் இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அந்த அட்டையை இன்றும் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்னவள் இனி எரிச்சலையும் சொல்லியாக வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மற்ற நாள்களில் எங்கள் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகும். மீதி நான்கு நாளும் நாட்டுப்படகுக்காரர்களுடையது. மறுநாள் விடியலில் படகு வந்து, பாடு, அதாவது பிடிபட்ட மீன், நன்றாக இருந்தால் வீட்டுக்குக் கறிமீன் வரும், பங்குப் பணம் வரும். தடைக்காலத்தில் இரண்டும் இல்லை. நான் கணக்கு எழுதும் மீன் கம்பெனியிலும் பாதி நாள்தான் வேலை. அரசு தரும் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தது 2023 ஆகஸ்டில், நம் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில்தான். அதை 61 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். ஆறு பேர் கொண்ட வீட்டில் அது எந்த மூலைக்கு?

ஆண்டின் 365 நாள்களில் ஒரு முட்டை எப்போது அதிக மதிப்புப் பெறும் என்று எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் மே மாதம் என்பாள். அந்த மே மாதத்தில்தான் பதினைந்து நாள் மையம் பூட்டப்படுகிறது. திட்டத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 300 நாள் உணவு தரவேண்டும். மீதி 65 நாளை எங்கே வைப்பது என்பதில்தான் என் வழக்கு. ஞாயிறும் பண்டிகையும் போகட்டும். இந்தப் பதினைந்தை மட்டும் கடற்கரைக்கென்று தனியாக, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ, படகுகள் போய்வந்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும் நாள்களில் வைத்தால் என்ன? நெல் விளையும் ஊருக்கும் மீன் விளையும் ஊருக்கும் ஒரே நாள்காட்டி எதற்கு?

விடுமுறைக்கு ஈடாக நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கில் 750 கிராம் சத்துமாவு தருகிறார்கள். மாவில் குறை இல்லை. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு எல்லாவற்றையும் வெல்லத்தோடு சேர்த்து அரைத்தது. நெய் இருந்தால் உருண்டை, இல்லாவிட்டால் கஞ்சி. ஆனால் தடைக்காலத்து வீட்டில் பொட்டலத்தின் கதை வேறு. முதல் நாள் கடைக்குட்டிக்குக் கஞ்சி காய்ச்சினேன். இரண்டாம் நாள் மகன் தனக்கும் கேட்டான். மூன்றாம் நாள் தண்ணீரைக் கூட்டி மாமனாருக்கும் ஒரு தம்ளர் கொடுத்தேன். நேற்று, நான்காம் நாள், பொட்டலத்தின் அடியில் இரண்டு கை மாவுதான் இருந்தது. திறக்கும் நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நான் நல்ல தாயா என்று யாராவது கேட்டால், முதலில் அந்த 131 ரூபாயை வகுத்துவிட்டு வரச்சொல்வேன்.

கோபத்தில் டீச்சரையும் ஆயாவையும் மறந்துவிடக் கூடாது. மே மாத வெயிலில், உப்புக்காற்று தின்று கம்பி தெரியும் அந்தக் கூரைக்கடியில் அடுப்பு எரிப்பவர்கள் அவர்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் விலைக்கு வாங்கிச் சுமப்பவர் ஆயா. பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் விடுமுறை இருக்கும்போது எங்களிடமிருந்து இந்தப் பதினைந்து நாளையும் பிடுங்கவா சொல்கிறாய் என்று ஆயா என் முகத்தைப் பார்த்தே கேட்டார். இல்லை, நாளை மாற்றத்தான் சொல்கிறேன், குறைக்கச் சொல்லவில்லை. "ஜூலையில எம்பேரனுக்கு லீவு இருக்குமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாதம் அங்கே நின்றது. என் எரிச்சல் நிற்கவில்லை.

இன்னொரு பொட்டலக் கதையும் உண்டு. சென்ற ஆண்டு நடுவிலிருந்து, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான சத்துமாவை வாங்க டீச்சரின் கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. பதிவுக்கு ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி வரும். என் ஆதாரில் இருப்பது கணவரின் எண். நான் போன நாள் புதன்கிழமை. அவர் கைப்பேசியோடு கடலில் இருந்தார், எண் அவர் மடியில் இருந்தது. மறுநாள் வியாழன் விடியலில் அவர் வந்தார். நானோ கம்பெனியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளியன்று இருவரும் கைப்பேசியும் ஒன்றாகப் போனோம். அன்று சிக்னல் வரவில்லை. டீச்சர் கையை உயர்த்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் சாலைக்குமாக நடந்ததைப் பார்த்தால், கையில் கைப்பேசி இல்லாவிட்டால் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த முறை போனபோதுதான் பதிவானது. என் கடைக்குட்டி பிறந்த நாளிலிருந்து அவளை எடை போட்டுவரும் டீச்சருக்கு என்னை அடையாளம் தெரியாதா? திருட்டைத் தடுக்க என்கிறார்கள், தடுக்கட்டும். ஆனால் சோற்றுக்கு ஓடிபி கேட்பதில்லை. பிள்ளை வாயைத் திறந்தால் அதுவே பதிவு. பொட்டலத்தைவிடத் தட்டு மேல் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளே ஸ்கூலைப் பற்றி ஓரகத்தி கேட்டாளே, அதற்கு வருகிறேன். மாதம் 1,500 ரூபாய் என்றாள். வேன் உண்டு, சீருடை உண்டு, ஆங்கிலப் பாட்டு உண்டு. மதியச் சோற்றை டப்பாவில் நாம் கட்டிக்கொடுக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு ஏலத்துக்கு ஓடுகிறவள் கட்டிக்கொடுக்கும் டப்பாவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இட்லியும் சர்க்கரையும்தான்.

இன்றைய மனநிலையில் மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு நான்குதான் போடுவேன். மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் எட்டு வரவேண்டும் என்பது எனக்கும் தெரிகிறது. போன மார்ச்சில் கேட்டிருந்தால் ஒன்பது போட்டிருப்பேன். சற்று முன்புகூடக் கடைக்குட்டி தன் தட்டை எடுத்துக்கொண்டு பூட்டிய கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். நான்கு என்றே இருக்கட்டும்.

ஓரகத்திக்கு இரவு அழைத்துச் சொல்லப்போவது இதுதான்: அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதே. திறந்ததும் பெயரைக் கொடு. அதற்கு முன்னால் இந்த வாரமே போய் ஆதாரில் உன் எண்ணை மாற்றிக்கொள். கொழுந்தனாரின் எண்ணை வைக்காதே. அப்புறம், வாங்கிய பொட்டலத்தில் ஒன்றை இப்போதே நம் மாமியார் கண்ணில் படாத இடத்தில் எடுத்துவை, அடுத்த மே மாதம் வரும்போதும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.