சாவகாசப் பயணம் என்று விற்கப்படும் கம்போடியச் சுற்றுலா: பினாங்குத் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பணி ஓய்வுக்குப் பின் அவசரமின்றி நாடு பார்க்க விரும்பும் தம்பதியரைக் குறிவைத்து, சங்கக் கூட்டங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பயணத் திட்டங்களை விற்றுவரும் ஒரு முகவர் எங்களை ஏமாற்றிவிட்டார். எங்கள் புகார் இன்னும் விசாரணைக்கு வராததால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் கையாண்ட முறை என்ன என்பதை மட்டும் பினாங்கில் உள்ள நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரே ஊரில் தங்கி, காலையில் ஒரு கோயில், வெயில் தணிந்த பிறகு இன்னொன்று என்று பார்ப்பதுதான் என் மனைவிக்கும் எனக்கும் உகந்த பயணம். அங்கோர் வாட்டை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று முகவரிடம் தெளிவாகக் கூறினோம். ஏழு நாள் நுழைவுச் சீட்டு, எங்கள் இருவருக்கு மட்டும் தனி வண்டி, விமான நிலையத்திற்கு அருகில் விடுதி என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிய பிறகே முழுத் தொகையையும் செலுத்தினோம்.

அந்தத் தொகையில் விசாக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் கம்போடியாவில் 30 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம். இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்திற்கும் கட்டணம் கிடையாது. இல்லாத ஒரு செலவுக்கு எங்களிடம் பணம் வாங்கப்பட்டது என்பது அங்கோருக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரில் சென்று இறங்கியபோதே தெரிந்துவிட்டது. விடுதி விஷயம் இன்னும் மோசமானது. ஊருக்கு அருகில் இருந்த பழைய விமான நிலையம் மூடப்பட்டு, 2023 அக்டோபரில் புதிய நிலையம் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால் திறக்கப்பட்டது. எங்களுக்குத் தரப்பட்ட விடுதி, மூடிக் கிடக்கும் அந்தப் பழைய நிலையத்தின் பக்கத்தில் இருந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நுழைவுச் சீட்டில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கோர் வாட்டும் மற்றக் கோயில்களும் அடங்கிய அங்கோர் வளாகத்திற்கு ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று மூன்று வகைச் சீட்டுகள் உண்டு. 2017 முதல் அவற்றின் விலை முறையே 37, 62, 72 அமெரிக்க டாலர். ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்திற்குள் நாம் விரும்பும் ஏழு நாள்களில் பயன்படுத்தலாம் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் இடையில் ஓய்வெடுத்துக்கொண்டு பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. எங்கள் படத்தை அச்சிட்டு எங்கள் கையில் கொடுக்கப்பட்டதோ ஒரு நாள் சீட்டு. தனி வண்டிக்குப் பதிலாக ஒரு பெரிய குழுவோடு சிற்றுந்தில் ஏற்றி, அங்கோர் வாட், தா புரோம், பாயோன் மூன்றையும் ஒரே பகலில் காட்டி முடித்தார்கள். தேவர்களும் அசுரர்களும் வாசுகியைப் பற்றி இழுக்கும் பாற்கடல் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்திற்கு அங்கோர் வாட்டின் கிழக்குத் திருச்சுற்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பாதியைக் கடப்பதற்குள் வண்டி புறப்படுகிறது என்று அழைத்தார்கள். மறுநாள் பட்டுக் கடைக்கும் இரத்தினக் கடைக்கும் கூட்டிச் சென்றார்கள். வழிகாட்டியை நான் குறை கூற மாட்டேன். ஒரு நாளுக்குரிய பணம்தான் பினாங்கிலிருந்து வந்தது என்று அவர் தமக்கு வந்த உத்தரவையே காட்டினார்.

அதன் பிறகு நாங்களே அரசுச் சீட்டு நிலையத்தில் தலைக்கு 72 டாலர் கொடுத்து ஏழு நாள் சீட்டு வாங்கி, ஒரு துக்-துக் ஓட்டுநரை அமர்த்திக்கொண்டோம். முகவரின் திட்டத்தில் இடம்பெறவே இல்லாத பந்தே ஸ்ரீ கோயிலுக்கு அப்படித்தான் போனோம். 967-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட அந்தச் சிவன் கோயிலின் நுழைவாயில் முகப்பு ஒன்றில், ஆடும் சிவபெருமானின் காலடியில் வற்றிய உடலோடு அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தமிழ் மண்ணின் அடியார் ஒருவர் அத்தனை தொலைவில் கல்லில் இருப்பதைக் கண்டு என் மனைவி நெடுநேரம் அங்கேயே நின்றார். நாங்கள் பணம் கொடுத்தது அந்த நேரத்திற்காகத்தான். முகவர் பறித்ததும் அதைத்தான். விடுதியையோ வண்டியையோ குறைத்தால் கண்ணுக்குத் தெரியும். நேரத்தைக் குறைத்தால் ஊருக்குப் போய்ச் சேரும் வரை எவருக்கும் தெரியாது.

திரும்பி வந்து கேட்டபோது, அடுத்த பயணத்தில் கழிவு தருவதாகச் சொன்னார். பிறகு அழைப்புகளை எடுக்கவில்லை. ரசீதில் இருந்த உரிம எண்ணைச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் பட்டியலில் தேடினால் அது வேறொரு நிறுவனத்தின் எண்ணாக இருந்தது. 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் சுற்றுலா நடத்துவது குற்றம் என்பதால் அமைச்சுக்கும் எழுதியிருக்கிறோம். பணத்திற்காகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்துள்ளோம். அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்தால் போதும். வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, ஒரு நாள் சீட்டு, நாங்களே வாங்கிய சீட்டு ஆகிய அனைத்தையும் இணைத்திருக்கிறோம்.

அதே முகவர் இப்போது பாலித் தீவுப் பயணத்திற்கு முன்பணம் வாங்கி வருவதாகக் கேள்விப்படுகிறேன். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் அவருடைய உரிம எண்ணை இன்றே சரிபாருங்கள். எந்த விடுதி, எந்தத் தெருவில், எந்தச் சீட்டு எத்தனை நாளுக்கு, வண்டியில் வேறு எவர் வருவார் என்பதை எழுத்தில் கேளுங்கள். அவர் எழுதித் தர மறுத்தால் மீதித் தொகையைச் செலுத்தாதீர்கள்.