டிரெய்லரில் பேய், தியேட்டரில் காமெடி: டிக்கெட் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சனிக்கிழமை இரவுக் காட்சிக்குப் போனோம். கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று இரண்டு நாள் விட்டு எழுதுகிறேன். படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதில் நடித்தவர்கள் மேலோ உழைத்தவர்கள் மேலோ எனக்கு வருத்தம் கிடையாது. அந்தப் படத்தை எங்களிடம் விற்ற விதம்தான் வயிற்றெரிச்சல்.

முதல் பாகத்தை நானும் தங்கையும் சேர்ந்து பார்த்திருந்தோம். அதிலும் காமெடி உண்டு, ஆனால் அளவோடு. ஒரு மாடிப்படிக் காட்சி வரும். கதாநாயகி இருட்டில் படி இறங்குவாள், பாதியில் நிற்பாள். அவள் நின்ற பிறகும் ஒரு காலடிச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். அவ்வளவுதான். பேயைக் காட்டவே மாட்டார்கள். தங்கை அன்றைக்கு என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். இப்போது நைட் டியூட்டி வேலை, லீவு கிடைப்பதே அபூர்வம். இரண்டாம் பாகம் வருகிறது என்றதும் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி ஒரு நாள் லீவு வாங்கினாள்.

கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை, விசாரித்துவிட்டுத்தான் போனோம். டிரெய்லரைப் பார்த்தோம். கண்ணாடியில் ஒரு பெண் தலை சீவுகிறாள். அவள் கை நின்ற பிறகும் பிம்பத்தின் கை நிற்கவில்லை. அடுத்து கிணற்றுக்குள்ளிருந்து மேலே பார்க்கும் ஒரு முகம். இரண்டரை நிமிட டிரெய்லரில் சிரிப்பு வசனம் ஒன்றே ஒன்று. டிக்கெட் போடும் ஆப்பில் ரேட்டிங்கும் உச்சத்தில் இருந்தது. "தனியா பார்த்துடாதீங்க", "ராத்திரி தூக்கம் போச்சு" என்று வரிசையாகக் கருத்துகள். தியேட்டர் வாசலில் எடுத்ததாக ஒரு பப்ளிக் ரிவியூ வீடியோவும் பார்த்தோம். அதில் ஆறு பேர் வரிசையாக "முதல் பாகத்தை விட பயங்கரம்" என்றார்கள். இத்தனையும் பார்த்துவிட்டு, சத்தம் நன்றாக இருக்கும் பெரிய திரையாகத் தேடி, கூடுதல் காசு கொடுத்து டிக்கெட் போட்டோம்.

படம் தொடங்கி பத்து நிமிடம் ஒழுங்காகப் போனது. அப்புறம் நடந்ததைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். பயம் வர வேண்டிய ஒவ்வொரு இடத்திலும், அது வருவதற்கு ஒரு விநாடி முன்னால் யாராவது ஒரு காமெடி நடிகர் அலறிவிடுகிறார். நமக்குப் பதிலாக அவர் பயந்து முடித்துவிடுகிறார், நமக்கு மிச்சம் சிரிப்புதான். பேய்ப்படத்தில் பயத்தைக் கட்டுவது அமைதியும் காத்திருப்பும். கதவு திறக்குமா திறக்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரம்தான் முக்கியம். கதவு திறப்பதற்குள் ஒரு கவுன்ட்டர் விழுந்தால் பிடித்த மூச்சு வெளியே போய்விடும். அதை மறுபடி கட்ட ஐந்து நிமிடமாவது வேண்டும். இந்தப் படம் அந்த ஐந்து நிமிடத்தை ஒரு தடவை கூடத் தரவில்லை.

அந்த மாடிப்படியும் திரும்ப வந்தது. தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே இருட்டு, அதே காலடி. அடுத்த நொடி காமெடி நடிகர் வழுக்கிக் கடைசிப் படி வரை உருண்டு வந்தார். தியேட்டரே சிரித்தது. தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

டிரெய்லரில் பார்த்த கண்ணாடிக் காட்சி ஒருவருடைய கனவாம். தலையணையால் அடி வாங்கி விழித்துக்கொள்கிறார். கிணற்று முகம் படத்தில் எங்குமே இல்லை. படத்தில் இல்லாத காட்சி டிரெய்லரில் வருவது புதிதில்லை, படத்தொகுப்பில் கழற்றிவிடுவார்கள் என்பது தெரியும். ஆனால் இருக்கும் பயமுறுத்தல்களை எல்லாம் பொறுக்கியெடுத்து, பின்னாலிருந்த சிரிப்பை வெட்டி, வேறு பின்னணி இசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைத் தெரியாமல் நடந்தது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேய்ப்படத்தின் அடுத்த பாகம் காமெடி பக்கம் சாய்வதை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்க இயக்குநர் சாம் ரைமியின் 'ஈவில் டெட்' 1981-இல் வந்தபோது உறைய வைக்கிற படம். 1987-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கதாநாயகனின் கையே அவனைப் பிடித்து அடிக்கும். சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும். நம் பக்கத்தில் ராகவா லாரன்ஸின் 'முனி' 2007-இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2011-இல் வந்த 'காஞ்சனா'வில் கோவை சரளாவும் தேவதர்ஷினியும் சேர்ந்து அடித்த கூத்தைப் பார்க்கவே ஜனம் திரும்பத் திரும்பப் போனது. அந்தச் சிரிப்பை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அந்தச் சிரிப்பே கிடைத்தது. எங்களுக்கு அப்படி நடக்கவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது கேட்ட பேச்சுதான் உண்மையான பப்ளிக் ரிவியூ. வயதான ஓர் அம்மா பேரன் பேத்திகளோடு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு" என்றார். அவருக்கு அது முழுப் பணத்துக்கும் தகுந்த படம், அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பொறாமை இல்லை. பக்கத்தில் மூன்று கல்லூரிப் பையன்கள், "பேய்ப்படம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து ஏமாத்திட்டாங்க" என்று கொதித்தார்கள். "பேய் வந்தா பயமா இல்ல, பாவமா இருக்கு" என்றார் இன்னொருவர். எல்லோரும் பார்த்தது ஒரே படம்தான், ஒவ்வொருவர் சொன்னதும் சரிதான்.

என்னை உலுக்கியது வேறு. ஓர் அப்பா, ஆறேழு வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் பட்டது வேறு பதிவுகள் போலிருக்கிறது: "ஒரே காமெடி, குழந்தைகளோட தாராளமா போகலாம்". படம் நெடுக சிரிப்புதான், உண்மை. ஆனால் இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் வருகிறது. பேயாக வரும் பெண் எப்படிச் செத்தாள் என்பதை அடி, ரத்தம், கதறல் என்று பத்து நிமிடத்துக்குமேல் காட்டுகிறார்கள். திகில் காமெடிகளில் இது பழைய வழக்கம். பேய்க்கு ஒரு நியாயம் வேண்டும், அதற்கு ஒரு கொடுமை வேண்டும். சிரித்துக் களைத்த குழந்தை தயாராகவே இல்லாத நேரத்தில் அது வந்து விழுகிறது. ஆக, பயப்படப் போன எங்களுக்கும் ஏமாற்றம், சிரிக்கப் போன அந்தக் குழந்தைக்கும் ஏமாற்றம். குழந்தைகளோடு போகிறவர்கள் சான்றிதழில் போட்டிருக்கும் வயதை முதலில் பாருங்கள். ஏற்கெனவே பார்த்த யாரிடமாவது "ஃபிளாஷ்பேக் எப்படி?" என்று தனியாகக் கேளுங்கள். "படம் எப்படி?" என்று மட்டும் கேட்டால் காமெடியைத்தான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கருத்துகளை மறுபடி திறந்து பொறுமையாகப் படித்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. "மிரட்டல்" என்ற சொல்லை ஒரே மாதிரி தப்பாக எழுதிய பதிவுகள் பதினொன்று. எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் வேறு எந்தப் படத்துக்கும் ஒரு வரி எழுதியதில்லை. அந்த ஆறு பேர் வீடியோ, முதல் காட்சி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஏறியிருக்கிறது. இடைவேளையைக் கூடப் பார்க்காதவர்கள் எப்படி "கிளைமாக்ஸ் வேற லெவல்" என்று சொன்னார்கள்?

உண்மை சொன்னவர்களும் அங்கேயே இருந்தார்கள், கீழே புதைந்து கிடந்தார்கள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் தாண்டி, மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள். "ஜாலியா போச்சு, ஆனா பேய்ப்படம் மாதிரியே இல்ல" என்று ஒருவர் முதல் நாள் மாலையே எழுதியிருந்தார். அந்த ஒரு வரி எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். பயந்ததாகச் சொல்பவர் எந்த இடத்தில் பயந்தார் என்று சொல்கிறாரா பாருங்கள். நிஜமாகவே பயந்தவர் ஒரு சத்தத்தையோ ஒரு அறையையோ குறிப்பிடாமல் இருக்க மாட்டார். "குடும்பத்தோட பார்க்கலாம்", "நேரம் போனதே தெரியல", "கவுன்ட்டர் எல்லாம் பட்டாசு" போன்றவை மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் அது காமெடிப் படம். சராசரி ரேட்டிங்கை நம்பாதீர்கள். சிரிக்கப் போனவர் ஐந்தும் பயப்படப் போனவர் ஒன்றும் போட்டால் நடுவில் வரும் எண் இரண்டு பேருக்குமே பொருந்தாது. டிரெய்லரை விட ஸ்னீக் பீக் நல்ல அடையாளம். ஒரு காட்சியை வெட்டாமல் ஓரிரு நிமிடம் விடுவதால் படத்தின் குணம் அதில் தெரிந்துவிடும். இந்தப் படத்துக்கும் ஒன்று வந்திருந்தது. இப்போதுதான் பார்த்தேன், முழுக்கக் காமெடி.

நானும் அந்த ஆப்பில் என் கருத்தை எழுதினேன்: காமெடி நன்றாக இருக்கிறது, பயம் இல்லை, ஃபிளாஷ்பேக் குழந்தைகளுக்கு ஆகாது, இரண்டு நட்சத்திரம். அதையே என் சமூக வலைதளப் பக்கத்திலும் போட்டேன். மறுநாள் அங்கே, முன்பின் தெரியாத ஒரு கணக்கிலிருந்து தனிச்செய்தி வந்தது. படத்தின் விளம்பரக் குழு என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். ரேட்டிங்கை ஐந்தாக மாற்றி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அடுத்த படத்துக்கு இரண்டு டிக்கெட் இலவசமாம். உண்மையிலேயே அவர்கள்தானா என்று உறுதி செய்ய எனக்கு வழியில்லை. பதில் அனுப்பவில்லை. அந்தச் செய்தியைத் தங்கையிடம் காட்டினேன். "அண்ணா, அந்தப் பதினொரு பேருக்கும் இதே மாதிரிதான் டிக்கெட் போயிருக்குமோ?" என்று கேட்டாள். அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.