கச்சான் காற்றில் மூன்று படம்: புரொஜெக்டர் வாடகை பற்றி ஓர் அனுபவம்

ஆகஸ்ட் லீவுக்கு மகள் குடும்பம் களுவாஞ்சிக்குடிக்கு வந்திருந்தது. பேரன்மார் இருவரும் நாள் முழுக்கப் போனைக் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தார்கள். பார்ப்பதைத் தலை நிமிர்ந்தாவது பார்க்கட்டும் என்று, முற்றத்தில் மூன்று இரவு படம் போட முடிவு செய்தேன். கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர் எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து வாடகைக்குப் போடுகிறார். அந்தச் சேவை எப்படி என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். அவர் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதனால்.

கட்டணம் ஓர் இரவுக்கு 6,500 ரூபாய். மூன்று இரவுக்குச் சேர்த்துப் பேசி 17,000க்கு முடித்தேன். எட்டடிக்கு ஆறடித் திரை, இரண்டு பெட்டி ஸ்பீக்கர், எக்ஸ்டென்ஷன் வயர். படம் நாங்கள்தான் வைத்திருக்க வேண்டும். கள்ளக் கொப்பி போட்டுத் தரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்தது. ஏழே காலுக்கு முன்னால் தொடங்கவும் மாட்டார். நான் அவசரப்பட்டு ஆறரைக்குப் போடச் சொன்னேன். திரையில் கழுவிய சீலை மாதிரி ஒரு வெளுப்புத்தான் தெரிந்தது. சரி, அவர் சொன்னதே நேரம்.

மூன்றும் உண்மையாக வாழ்ந்தவர்களின் கதையாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. முதல் இரவு அம்மாவுக்காக 'கப்பலோட்டிய தமிழன்'. 1961இல் வந்த படம், வ.உ.சி.யாக சிவாஜி. அன்று, ஆடி ஆவணியில் அடிக்கும் கச்சான் காற்று நன்றாக எழும்பிவிட்டது. திரை பாய் மாதிரி உப்பி உப்பி அடங்கியது. கப்பல் காட்சி வந்தபோது சின்னப் பேரன், "அம்மப்பா, இது 4டீ!" என்று கத்தினான். தம்பி ஓடிப்போய்த் திரையின் கீழ் முனையில் இரண்டு செங்கல்லைக் கட்டிவிட்டார். நாங்கள் வறுத்த கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்தோம். காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஊர் எங்களுடையது.

பழைய படம் என்பதால் சத்தம் மெலிசு. ஸ்பீக்கரோ கலியாண வீட்டுப் பாட்டுக்குச் செய்தது, இடி மட்டும் நன்றாக விழும். வசனம் பாதி காற்றோடு போனது. அம்மாவுக்கு அது பெரிய குறை இல்லை, அவருக்கு வசனம் மனப்பாடம். எனக்கு வேறு ஒன்று உறைத்தது. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கொம்பனி ஓட்டியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில்தானே. பேரனுக்கு அதைச் சொன்னதும், "எங்கட கொழும்புக்கா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததும், 1912 கடைசியில் வெளியே வந்தபோது கொம்பனியே இல்லாமல் போயிருந்ததும் கதைக்காகச் சோடித்த சோகம் இல்லை என்று சொன்னபோது பெரியவன் நம்பவே இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான்.

இரண்டாம் இரவு தம்பி ஒரு மணி பத்து நிமிடம் பிந்தி வந்தார். வேறொரு கலியாண வேலையாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் நித்திரையாகிவிட்டார்கள். முகத்தைக் காட்டினேன். 500 ரூபாய் குறைத்தார், கேட்ட பிறகுதான். போன் செய்து சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கவே மாட்டேன்.

போட்டது 'சூரரைப் போற்று', மகளின் கணக்கிலிருந்து. கதைக்கு மூலம் எயார் டெக்கான் என்ற மலிவு விமானக் கொம்பனியைத் தொடங்கிய கப்டன் கோபிநாத்தின் சுயசரிதை. ஆனால் படத்து மாறன் சோழவந்தான்காரன், விமானப்படையில் இருந்தவன். கோபிநாத் கர்நாடகத்து ஹாசன் மாவட்டத்துக் கோரூர்க்காரர், தரைப்படை அதிகாரி, 1971 போரில் இருந்தவர். வெளியே வந்து தோட்டம் செய்து, ஹெலிகொப்டர் கொம்பனி நடத்தி, 2003இல்தான் மலிவு விமானத்துக்கு வந்தார். ஒரு ரூபாய் டிக்கெட் மட்டும் நிஜம். ஊர், சாதி, படை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஓர் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படமாக எனக்குப் பிடித்தது. மகள் இரண்டு இடத்தில் அழுதாள். அடுத்த நாள் காலை, கோபிநாத்தின் ஊரும் படையும் வேறு என்று சொன்னதும், "அப்ப நான் ஆருக்கு அழுத?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் இரவுதான் நான் காத்திருந்த இரவு. '800', டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த எங்கள் நாட்டுச் சுழல்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் கதை. 2023 ஒக்டோபரில் வந்தபோது தியேட்டரில் பார்க்கக் கிடைக்கவில்லை. கூப்பிட்டவர்களில் ஒருவர் வரவில்லை. "அவர்ர படத்துக்கு என்னக் கூப்பிடாதிங்க" என்று படலையிலேயே சொல்லிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. விஜய் சேதுபதி நடிக்க இருந்து, முரளியின் அரசியல் பேச்சுகளால் 2020இல் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில் விலகியதும், விலகச் சொல்லி முரளியே கேட்டுக்கொண்டதும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் முரளியின் பந்தைப் பற்றி ஒரே கருத்து, பேச்சைப் பற்றிப் பல கருத்து.

பிறகு நடித்தவர் மதுர் மிட்டல், 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் அண்ணனாக வந்தவர். "முரளி மாதிரியே இல்ல" என்று பேரன் தொடங்கினான். அம்மா விடவில்லை. "கர்ணன் கூத்துல கர்ணனுக்கு ஆடினவன் கர்ணன் மாதிரியா மனே இருந்த? முடியக் கட்டி, வரவு பாடி வந்தா அவன்தான் கர்ணன்." அம்மாவின் தகப்பன் வடமோடிக் கூத்து ஆடியவர், அதனால் இந்த விடயத்தில் அவருடன் யாரும் வாதாடுவதில்லை. உண்மையும் அதுதான். அந்தப் பையன் கண்ணைப் பெரிதாக விரித்துப் பந்தை விட்டபோது எனக்கு முகம் மறந்துவிட்டது.

நான் மாவட்டத்தில் பத்தொன்பது வருடம் கிரிக்கெட் நடுவராக நின்றவன். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் நின்று நின்று கணுக்கால் போனது. ஆகவே இந்தப் படத்தை மற்றவர்கள் பார்த்த இடத்திலிருந்து நான் பார்க்கவில்லை. 1995 டிசம்பர் 26, மெல்பன். முரளி முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவரில் ஏழு தடவை நோ போல் சொன்னார், அதுவும் பந்து வீசும் முனையில் நின்றுகொண்டு. வழமையாக முழங்கையைப் பார்ப்பவர் ஸ்குவயர் லெக்கில் நிற்பவர். முனை மாறிப் போட்டபோது மற்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளில் பிரிஸ்பனில் நடுவர் ரொஸ் எமர்சனும் அதையே சொன்னார். 1999இல் அடிலெய்டில் மறுபடியும் எமர்சன்; கப்டன் ரணதுங்க அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக் கோடு வரை போய்விட்டார். படம் முரளியின் பக்கம் நின்றுதான் இதையெல்லாம் பார்க்கிறது. பார்க்கட்டும், அவருடைய கதை.

ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது வேறு விடயத்தில். ஒரு பாடசாலை ஆட்டத்தில் நானும் ஒரு பொடியனுக்கு எறிகிறான் என்று மூன்று தடவை கை நீட்டியிருக்கிறேன். நானும் பந்து வீசும் முனையில்தான் நின்றேன். ஸ்குவயர் லெக்கில் நின்ற மாஸ்டர் வாய் திறக்கவில்லை. கப்டன் அவனை அதற்குப் பிறகு போட விடவில்லை. முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராது. 1996இல் பல்கலைக்கழகங்களில் கெமரா வைத்து அளந்தார்கள். பிற்பாடு நடந்த ஆய்வுகளில், சுத்தமான அக்‌ஷன் என்று நாங்கள் சத்தியம் செய்த ஆட்களின் கையும் கொஞ்சம் நிமிர்வது தெரிந்தது. 2005 மார்ச்சிலிருந்து எல்லாருக்கும் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று விதி வந்தது. என்னிடம் இருந்தது ஒரு சோடிக் கண், அதுவும் வெயிலுக்குச் சுருக்கிய கண். அந்தப் பொடியனை எந்த யுனிவர்சிட்டிக்கு அனுப்புவது?

முரளியின் கடைசி டெஸ்ட், காலி நகரில். 2010 யூலை 22. 792 விக்கெட்டோடு இறங்கியவர், இதோடு சரி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்கியவர், முதல் இன்னிங்ஸில் ஐந்து எடுத்தார். இரண்டாவதில் இரண்டு எடுத்த பிறகு ஒன்று பாக்கி, இந்தியாவுக்கும் ஒரு விக்கெட்தான் பாக்கி. ஓஜாவின் மட்டையில் பட்டுப் போனதை ஸ்லிப்பில் மஹேல பிடித்தார். இப்படி யாராவது கதை எழுதிக்கொண்டு போனால் நம்பும்படியாக எழுது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். படத்தில் பிந்திய பகுதி கொஞ்சம் செய்தித் தொகுப்பு மாதிரி ஓடுகிறது. எனக்கு நிறைந்தது கண்டிச் சிறுவன் வரும் பகுதிதான்: தகப்பனின் பிஸ்கட் தொழில், 1977 கலவரம், கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடம்.

அன்று தம்பி நேரத்துக்கு வந்தார். இடியைக் குறைத்து வசனத்தைத் தூக்கியும் விட்டார். நடுவில் இருபது நிமிடம் கரண்ட் போனது, அது அவர் பிழை இல்லை. இருட்டில் சின்னவன் கேட்டான், எங்கட பக்கத்து ஆக்களில ஒருத்தரும் இல்லையா என்று. இருக்கிறார்களே. காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்து, விஞ்ஞானம் படித்து, துறவியாகி, கல்லடி வாவியில் மீன் பாடுவதைப் பாட்டாக எழுதிய விபுலாநந்த அடிகளை யாராவது எடுக்கட்டும். 1947 யூனில், பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய யாழ்நூல் அரங்கேற்றம், யூலையில் ஆள் இல்லை. அந்த ஆறு வாரத்தை மட்டும் எடுத்தாலே போதும். யாராக நடிப்பது என்று பெரியவன் கேட்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

சேவைக்கு ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். படத்தின் தெளிவுக்குக் குறை சொல்ல முடியாது. நேரமும் ஸ்பீக்கரும்தான் இழுத்துவிட்டன. எடுப்பவர்கள் ஆடி ஆவணியில் எடுத்தால் திரையை மதிலோடு ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள், பழைய படமென்றால் முதல் நாளே சத்தத்தைப் போட்டுக் கேளுங்கள். தம்பி இதை வாசித்தால், உங்கள் சிவப்பு எக்ஸ்டென்ஷன் வயர் எங்கள் குசினி ஆணியில் தொங்குகிறது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.