டீசல் வான் வாங்கப் போகிறீர்களா? திருகோணமலையில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்

2024 அக்டோபரில் ஒரு புரோக்கர் மூலமாகப் பழைய டொயோட்டா டவுன்ஏஸ் டீசல் வான் ஒன்றை 29 இலட்சம் கொடுத்து வாங்கினேன். மூன்று கிழமைக்குள் அதன் எஞ்சின் கழற்றப்பட்டு ஒரு கராஜின் சிமெந்துத் தரையில் கிடந்தது. நாலைந்து மாதமாக இதை எழுத மனம் வரவில்லை. போன கிழமை அதே புரோக்கர் எங்கள் ஒழுங்கையிலுள்ள இன்னொரு குடும்பத்துக்கும் டீசல் வான் காட்டிக்கொண்டு திரிகிறார் என்று கேள்விப்பட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில், உப்புவெளியில். அம்மாவை மாதம் இரண்டு மூன்று தடவை டவுனில் உள்ள ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும், கடைக்குச் சாமான் ஏற்ற வேண்டும். வருடத்தில் இரண்டு தடவை கண்டிக்குப் போவோம். எல்லாம் சேர்த்தால் மாதம் 400 கிலோமீற்றர் ஓட்டம் வரும், அவ்வளவுதான். ஒரே மாதிரியான இரண்டு வான்கள் பார்த்தேன். ஒன்று 5K பெற்றோல் எஞ்சின், 26 இலட்சம். மற்றது 2C டீசல், 29 இலட்சம். பெற்றோல் வான் நல்ல நிலையில்தான் இருந்தது.

"அண்ணே, பெற்றோலை எடுத்தா உழைக்கிறதெல்லாம் பெற்றோல் செட்டுக்குத்தான் போகும். டீசல் எப்பவும் விலை குறைவு. விக்கிற நேரமும் இதுக்குத்தான் மதிப்பு" என்றார் புரோக்கர். எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்டு வந்த பேச்சு அது. தலையாட்டினேன்.

அன்றைக்கு நான் போடாத கணக்கை இப்போது போட்டுக் காட்டுகிறேன். அந்த மாதம் 92 ஒக்டேன் பெற்றோல் லிட்டர் 311 ரூபாய், ஒட்டோ டீசல் 283 ரூபாய். பெற்றோல் வான் லிட்டருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் என்றும், டீசல் வான் 11 ஓடும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 400 கிலோமீற்றருக்குப் பெற்றோல் செலவு 13,800 ரூபாய் வரும், டீசல் செலவு 10,300 ரூபாய் வரும். மாதம் மிச்சம் 3,500, வருடத்துக்கு 42,000. டீசல் என்பதற்காக நான் கூடக் கொடுத்த 3 இலட்சத்தை எடுக்கவே ஏழு வருடம் போகும். அதுவும் ஒரு பழுதும் வராமல் ஓடினால்.

டீசல் எப்பவும் விலை குறைவு என்பதும் சரியில்லை. 2022 அக்டோபர் நடுப்பகுதியில் 92 பெற்றோல் 370 ரூபாய்க்கு இறங்கியபோது ஒட்டோ டீசல் 415 ரூபாய். கியூஆர் காட்டிப் பங்கீட்டில் எண்ணெய் அடித்த காலம் என்பதால் பலருக்கு அந்த விலைகள் மறந்துவிட்டன. எனக்கும் மறந்துதான் போயிருந்தது.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

வானைப் பார்க்கப் பகல் பதினொரு மணிக்கு வரச்சொன்னார்கள். நாங்கள் போனபோது எஞ்சின் ஏற்கனவே சூடாக இருந்தது. "இப்பதான் தண்ணி அடிச்சுக் கழுவிட்டு வந்தம்" என்றார்கள். சாவியைத் திருப்பியதும் பட்டென்று பிடித்தது, புகையே இல்லை. உட்துறைமுக வீதி வழியாக ஒரு சுற்று ஓட்டினேன். வெப்பம் காட்டும் முள் பாதிக்கும் கீழேயே நின்றது. புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் எடுத்து நீட்டினார்கள். எஞ்சின் நல்லது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதுபோல அதை வைத்துக் கதைத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மூன்றாவது கிழமை அம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டோம். கந்தளாய் தாண்டி அக்போபுர கிட்ட வரும்போது வான் இழுக்கவில்லை. முள் மேலே ஏறிக்கொண்டே போனது. ஓரம் கட்டியதும் ரேடியேட்டர் பக்கமிருந்து ஆவி பறந்தது. மத்தியானம் ஒரு மணி வெயில். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. ஒரு மரநிழலில் பாய் விரித்து அவரைப் படுக்க வைத்துவிட்டு லொறி ஒன்றுக்காக இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தோம். காசை விட அந்த இரண்டரை மணித்தியாலம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருகோணமலைக்குக் கட்டி இழுத்து வந்து, எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வெடித்திருந்தது. இந்த 2C எஞ்சினில் ஹெட் அலுமினியம், கீழே புளொக் வார்ப்பிரும்பு. ஒருதரம் நன்றாகச் சூடேறினால் ஹெட் வெடிப்பது இந்த வகைக்குப் பழைய வியாதி. அதை மறைக்கத் தண்ணீருக்குள் ஒழுக்கு அடைக்கும் மருந்து ஊற்றியிருந்தார்கள். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், கால்மணி நேர ஓட்டத்தில் முள் ஏறாது. எஞ்சின் ஒயில் பாகு மாதிரித் தடிப்பாக இருந்தது. தேய்ந்த எஞ்சினின் சத்தத்தையும் நீலப் புகையையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்க ஊற்றுகிற சாமான் அது.

நான் கனவிலும் நினைக்காதது டீசல் பம்பில் இருந்தது. பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டீசலின் அளவைக் குறைத்து வைத்திருந்தார்கள். டீசல் வாகனத்துக்குப் புகைப் பரிசோதனையில் பார்ப்பது புகையின் அடர்த்தியை. டீசலைக் குறைத்தால் கறுப்புப் புகையும் குறையும், சான்றிதழ் கிடைத்துவிடும். வான் இழுக்காமல் போனதற்கும் அதுதான் காரணம். பம்பின் உள்பாகங்களும் தேய்ந்திருந்தன. யாரோ மண்ணெண்ணெய் கலந்து ஓடியிருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். 2022 ஆகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாய்தான், அதற்குப் பிறகுதான் 340 ஆனது. வள்ளங்களுக்கு அடிக்கிற எண்ணெயை வானுக்கும் ஊற்றியவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பம்பின் உள்ளே தேய்மானத்தைத் தடுக்கிற எண்ணெய் டீசல்தான், மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்லை.

ஹெட், பம்ப் வேலை, டீசல் தெளிக்கிற நொசில்கள், ரேடியேட்டர், கூலி எல்லாம் சேர்த்து 4 இலட்சத்து 20 ஆயிரம். மேலே போட்ட கணக்குப்படி பத்து வருட மிச்சம்.

புரோக்கரிடம் போனேன். "உள்ள நிலையில் பார்த்துத் திருப்தியோடு வாங்குகிறேன்" என்று நான் கையெழுத்து வைத்த கடதாசியை எடுத்துக் காட்டினார். முந்திய சொந்தக்காரரின் நம்பரைக் கேட்டேன், தரவில்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயருக்குரியவர் வானைப் பல வருடங்களுக்கு முன்பே விற்றுவிட்டாராம். இடையில் எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. பொலிசில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். அந்தக் கடதாசி இருக்கும்வரை கஷ்டம் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். தயவுசெய்து அப்படி ஒரு வரியில் கையெழுத்து வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால், ஹெட்டும் எஞ்சினும் பழுதில்லை என்று அவர்களையும் அதே கடதாசியில் எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள்.

டீசல் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நிலாவெளியில் என் சிநேகிதர் ஒருவர் ஹையேஸ் வான் வைத்து உல்லாசப் பயணிகளை ஏற்றுகிறார். சீகிரியா, கண்டி, கட்டுநாயக்க என்று ஓடிக்கொண்டே இருப்பவர். அவருக்கு டீசல்தான் சரி. ஒரு லிட்டர் டீசலில் பெற்றோலை விட பத்து வீதத்துக்கும் மேல் சக்தி கூட இருக்கிறது. பெற்றோல் எஞ்சின் காற்றைப் பத்து மடங்கு அளவில் நெருக்கினால், இந்தப் பழைய டீசல்கள் இருபது மடங்குக்கும் மேல் நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கின்றன. ஆளும் சாமானும் ஏற்றிய வானைக் குறைந்த எஞ்சின் சுற்றிலேயே இழுக்கின்றன. அதே அழுத்தத்தால்தான் பாகங்கள் எல்லாம் பாரம், விலையும் கூட. ஓட்டம் அதிகம் உள்ளவருக்கு அந்த விலை திரும்பி வரும். உப்புவெளிக்கும் டவுனுக்கும் ஓடுகிற எனக்கு வராது. புதிய டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்றும் சிலவற்றில் உண்டு. நீண்ட ஓட்டத்தில் சூடேறினால்தான் அதற்குள் சேர்ந்த கரி எரிந்து போகும். டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவர்கள் அதையும் விசாரித்து எடுங்கள்.

என் தங்கச்சியின் மாப்பிள்ளைக்கு வருகிற ஞாயிறு பாலையூற்றில் ஒரு டீசல் வான் காட்டுகிறார்களாம். காலை ஆறு மணிக்கு, சொல்லாமல் போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் பொனட்டைத் திறந்து எஞ்சினில் கை வைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணி, தண்ணீருக்குள் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும், வந்தால் ஹெட் வெடித்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் தேய்ந்த எஞ்சின் மாதிரிப் புகைந்து மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகு கந்தளாய் வரை ஓட்டித் திரும்ப வேண்டும், டீசல் காசு நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மெக்கானிக்கும் கூடப் போகிறார். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வானைத் தொடாமல் திரும்பி வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.